இரும்பு வைத்த கால்

ஆஸ்பத்திரிப் படிகளை லோரன்ஸ் தன் சொந்தக் காலாலேயே இறங்கினான்.

இரண்டு கக்கத்திலும் கட்டைகள். முகமெல்லாம் வியர்வை. ஆனாலும் ஒவ்வொரு படியிலும் நின்று, பின்னால் மூட்டையோடு வரும் மனைவியைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தான்.

"பாத்தியா றோசு? இனி இவன பெட்டியிலதான் கொண்டாருவாங்கன்னு கங்காணி சொன்னாராமே. வந்து பாக்கச் சொல்லு."

றோசலினும் சிரித்தாள். சிரிக்க வேண்டியிருந்தது.

நோர்வூட்டுக்கு மேலே, மலையில் தேயிலைச் செடிகளின் தலையைச் சீவிக் கவ்வாத்து வெட்டிக்கொண்டு நின்றவன், மழை பிடிப்பதற்கு முன்னால் ஒரு நாள், தொடை எலும்பு காய்ந்த குச்சியைப் போல முறிந்து தேயிலைக்குள் விழுந்தான். அதற்கு ஒரு வருடம் முன்பிருந்தே அந்தத் தொடை வலித்துக்கொண்டிருந்தது. தோட்டத்து டிஸ்பென்சரியில் வாதம் என்று சொல்லித் தைலம் கொடுத்தார்கள். றோசலின் அதைச் சூடு பறக்கத் தேய்த்துவிட்டாள். கண்டிக்குக் கொண்டுபோய்ப் படம் பிடித்த பிறகுதான், இடுப்புக்குக் கீழே ஒரு கட்டி வளர்ந்து எலும்பை உள்ளே இருந்தே தின்றுகொண்டிருந்தது தெரிந்தது.

பெரிய டொக்டர் சொன்ன வைத்தியத்தை முதலில் யாரும் நம்பவில்லை. கெட்டுப்போன எலும்பை அதன் குமிழோடு ஒரு சாண் நீளத்துக்கு அறுத்தெடுத்துவிட்டு, அதே அளவில், அதே போலக் குமிழ் வைத்து, துருப்பிடிக்காத இரும்பில் ஒன்று செய்து பொருத்துவது. மேல்முனை இடுப்புக் குழியில் உட்காரும். கீழ்முனை மிச்ச எலும்பின் துளைக்குள் இறங்கும். அளவெடுத்து இங்கிலாந்துக்கு எழுதி, அந்த இரும்பு கப்பலில் வந்து சேரும்வரை லோரன்ஸ் காலில் பாரம் கட்டித் தொங்கவிட்டபடி கட்டிலில் கிடந்தான். இரும்பு வரட்டும் என்று கட்டி காத்திருக்கவில்லை. அது வளர்ந்தது.

இப்போது அதெல்லாம் முடிந்து வீட்டுக்குப் போகிறான். அவன் சந்தோஷத்தில் குறையில்லை. குறை றோசலினிடம் இருந்தது. படியிறங்குவதற்குச் சற்று முன்னால்தான் அது அவள் தலையில் விழுந்தது.

வார்டில் லோரன்சுக்குச் சட்டை மாற்றிக்கொண்டிருந்தபோது, சின்ன டொக்டர் முத்துலிங்கம் அவளை நடைபாதைக்குக் கூப்பிட்டார். யாழ்ப்பாணத்துக்காரர், இளவயது, நல்ல மாதிரி.

"அம்மா, இஞ்ச வாங்கோ. குந்தக்கூடாது, சம்மணம் கட்டக்கூடாது, பாரம் தூக்கக்கூடாது. அதெல்லாம் அவருக்கே சொல்லிப்போட்டன். உங்களுக்குச் சொல்லுறது வேற. தொடை இடுக்கில, தழும்புக்குக் கிட்ட, கட்டி மாதிரி ஏதும் தட்டுப்பட்டா ஒரு நாளும் சுணங்கப்படாது. உடன கூட்டிக்கொண்டு வாங்கோ."

"திரும்பி வருமாங்க?"

"எலும்போட நிண்டிருந்தா பயமில்லை. சதைக்குள்ளயும் இறங்கியிருந்தது. அதாலதானே பெரிய டொக்டர் ஒப்பரேசனை நிப்பாட்டிப்போட்டு வெளியில வந்து கேட்டவர், காலை இடுப்போட எடுப்பம், அதுதான் பத்திரம் எண்டு. நீங்கள்தானே மாட்டன் எண்டு மறுத்தனீங்கள்."

"நானா?"

"உங்கட ஆள். தமையன் எண்டு நிண்டவர்."

அவர் அதற்கு மேல் நிற்கவில்லை. அடுத்த வார்டில் யாரோ கூப்பிட்டார்கள்.

ரயில் பேராதனையைத் தாண்டி மலையேறத் தொடங்கியது. லோரன்ஸ் காலை நீட்டி வைத்துக்கொண்டு எதிரில் இருந்தவரிடம் இரும்புக் கதை சொல்லிக்கொண்டு வந்தான். றோசலின் ஜன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டாள். ஒப்பரேசன் நடந்த நாளும் அதற்கு முந்திய நாளும் மாறி மாறி அவள் முன்னே வந்தன.

முந்திய நாள் சாயங்காலம் லோரன்ஸ் அவள் கையைப் பிடித்துக்கொண்டான். "இந்தா பாரு புள்ள. இரும்பு வெக்கிறாங்க, சரி. உள்ள தொறந்து பாத்துட்டு, இல்ல, காலையே எடுக்கணும்னு சொன்னாங்கன்னா எடுக்கச் சொல்லிரு. ஒத்தக் காலோட பொழச்சுக்குவேன். எனக்கு உசிரு வேணும்."

"நல்ல வார்த்தையாப் பேசுங்க," என்று அவள் அவன் வாயை மூடினாள். அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் பலித்துவிடும் என்று பயம்.

மறுநாள் ஒப்பரேசன் அறைக்கு வெளியே அவளும் லோரன்சின் அண்ணன் பத்திநாதனும் நின்றார்கள். பத்திநாதன் தோட்டத்துப் பள்ளிக்கூடத்து மாஸ்டர். கோட்டுப் போட்டு வந்திருந்தார். லோரன்சை உள்ளே கொண்டுபோய் வெகுநேரம் கழித்து, கதவைத் திறந்துகொண்டு பெரிய டொக்டர் வந்தார். முகத்துணியைக் கழுத்துக்கு இறக்கிவிட்டு இரண்டு பேரையும் பார்த்தார். வெளுத்துப்போன சேலையைப் பார்த்தார், கோட்டைப் பார்த்தார். கோட்டிடம் பேசினார். இங்கிலீஷில்.

பத்திநாதன் தலையை ஆட்டினார். "நோ, டொக்டர்," என்றார். டொக்டர் மறுபடி ஏதோ சொன்னார். "நோ, நோ," என்றார் பத்திநாதன், குரல் உடைந்து.

கதவு மூடிய பிறகு றோசலின், "என்னாங்க அத்தான்?" என்று கேட்டாள்.

"ஒண்ணுமில்லம்மா. இரும்பு நல்லாப் பொருந்துதாம். காலு நிக்கும்."

அவள் அந்த இடத்திலேயே முழங்காலில் விழுந்து மாதாவுக்கு நன்றி சொன்னாள்.

அட்டன் ஸ்டேசனில் பத்திநாதனே வந்து காத்திருந்தார். நோர்வூட்டில் கடை வைத்திருக்கும் அன்ஸார் மொதலாளி தன் வேனைக் கொண்டுவந்திருந்தார். தம்பி ரயில் பெட்டியிலிருந்து இறங்கி நின்றதைப் பார்த்ததும் பத்திநாதனுக்குக் கண் நிறைந்துவிட்டது.

"நடக்கிறடா. நடக்கிற."

"எல்லாம் ஒங்களாலதாண்ணே."

லோரன்ஸ் ஒரு கட்டையை விட்டுவிட்டு அண்ணன் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். றோசலின் மூட்டையைத் தூக்கிக்கொண்டு போய் வேனில் ஏறினாள்.

லயத்து வரிசை வீட்டு வாசலில் திருவிழாக் கூட்டம். கொழுந்து நிறுத்துவிட்டு வந்த பெண்கள் கூடையைக்கூட இறக்காமல் நின்றார்கள். லோரன்சால் தரையில் உட்கார முடியாது என்பதால், பத்திநாதன் பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு கதிரை அனுப்பியிருந்தார். வாசலையொட்டிய இஸ்தோப்பில் அதைப் போட்டு அவனை உட்காரவைத்தார்கள். கிழவர்கள் ஒவ்வொருவராக வந்து அவன் தொடையை விரலால் தட்டிப் பார்த்தார்கள்.

"உள்ளுக்கு இரும்பாப்பா?"

"ஆமா மாமா."

"மழைக்குத் துருப்பிடிக்காதா?"

"உங்க மம்பட்டி துருப்பிடிச்சாலும் இது பிடிக்காது."

எல்லாரும் சிரித்தார்கள். இனி அவன் கவ்வாத்துக் கத்தியைத் தொடமுடியாது என்பதைப் பற்றி யாரும் பேசவில்லை. தோட்டத்துத் தொரை, பேக்டரி வாசலில் காவல் வேலை தருவதாகச் சொல்லியிருக்கிறார் என்று மட்டும் சொன்னார்கள். லோரன்ஸ் அதற்கும், "நல்லதுதான்," என்றான். மலையில் அவனளவுக்குச் சுத்தமாக வெட்டுகிறவன் இல்லை என்று பேர் வாங்கியவன்.

அடுத்த காம்பரா வீட்டில் இருக்கும் வீரம்மா றோசலினின் தோளைத் தட்டினாள். "மாஸ்டர் மட்டும் டொக்டரோட இங்கிலீசு பேசலன்னா, காலை அறுத்து வீசியிருப்பாங்களாமே! படிச்ச மனுசன் ஒருத்தரு குடும்பத்துல இருக்கணும்னு சொல்றது இதுக்குத்தான்."

"யாரு சொன்னா அக்கா?"

"மாஸ்டரேதான். கோயில்ல வெச்சு சொன்னாரு."

தோட்டம் முழுக்கத் தெரிந்த விஷயம். அவளுக்கு மட்டும் சின்ன டொக்டர் சொல்லவேண்டியிருந்தது. பாதிதான் இவர்களுக்கும் தெரியும். டொக்டர் ஏன் எடுக்கச் சொன்னார் என்கிற மீதிப் பாதியைப் பத்திநாதன் கோயிலில் சொல்லவில்லை.

கூட்டம் கலைந்தது. சாயங்காலம் நன்றிச் செபம் சொல்ல எல்லாரும் திரும்பி வருவார்கள். அதற்குள் லோரன்சுக்கு உடம்பு துடைத்துவிட வேண்டும். றோசலின் வெந்நீர் வைத்து, கதிரையை உள்ளே போட்டு, கதவைச் சாத்தி, அவனை அதிலேயே உட்காரவைத்துத் துணியை நனைத்துத் துடைத்தாள். தழும்பு இடுப்பிலிருந்து பாதித் தொடைவரை, ஊதாநிறத்தில், தையல் தடங்களோடு இறங்கியிருந்தது. அதன் ஓரமாகத் துணியைக் கொண்டுபோனாள். தொடை இடுக்குக்கு வந்ததும் அவள் கை நின்றது.

கொட்டைப்பாக்கு அளவில், தோலுக்கு அடியில், கடினமாக ஏதோ ஒன்று.

"என்னா?" என்றான் லோரன்ஸ்.

"தண்ணி ஆறிப்போச்சு."

அவனுக்குச் சட்டை போட்டுத் தலைவாரிவிட்டு, அவள் கொல்லைப்புறம் நடந்தாள். மலைத் தண்ணீர் குழாயாக விழும் பீலிக்கரையில் பத்திநாதன் செபத்துக்கு வருவதற்காகக் கால் கழுவிக்கொண்டிருந்தார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை.

"என்னம்மா? மெழுகுதிரி போதலையா?"

"அன்னைக்கு டொக்டர் ஒங்ககிட்ட என்னா கேட்டாரு அத்தான்?"

"எந்த டொக்டர்?"

"நோன்னு சொன்னீங்களே. எதுக்கு நோன்னு சொன்னீங்க?"

பத்திநாதன் கழுவின காலையே மறுபடி பீலியில் நீட்டினார். தண்ணீர் விழுந்துகொண்டே இருந்தது.

"சின்ன டொக்டர் எல்லாம் சொல்லிட்டாரு. இருந்தாலும் ஒங்க வாயால எனக்குக் கேக்கணும்."

"காலை இடுப்போட எடுக்கணும்னாரு," என்றார் அவர் மெதுவாக. "சதையிலயும் பரவியிருக்கு, எடுத்தாத்தான் பத்திரம்னாரு. வேணாம், இரும்பை வெச்சிருங்கன்னு சொன்னேன். நீ எங்க அப்பாவைப் பாத்ததில்ல, றோசலின். பேக்டரி மிசின் ரோதையில காலு போயி, பத்து வருசம் இந்த லயத்து வாசல்ல தரையோட தேச்சுக்கிட்டுக் கிடந்தாரு. என்னை நொண்டி மகன்னுதான் கூப்பிடுவானுங்க. தம்பியையும் அந்தக் கோலத்துல பாக்கச் சொல்றியா?"

"ஒங்க கண்ணு பாக்கக் கூடாதுன்னு அவரு உசிரப் பணயம் வெச்சீங்களா?"

"உசிரு போகும்னு டொக்டர் சொல்லல. திரும்பி வரலாம்னுதான் சொன்னாரு. வராமயும் போகலாமில்ல?"

"வந்திருச்சு அத்தான்."

அவர் நிமிர்ந்தார்.

"இப்பத்தான் ஒடம்பு தொடச்சு விடும்போது கையில பட்டுச்சு. வெட்டின எடத்துக்குப் பக்கத்துலயே."

பத்திநாதன் பீலிக்கரைக் கல்லில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். தண்ணீர் தெறித்து வேட்டி நனைந்தது. அவர் அதைக் கவனிக்கவில்லை. பிறகு மாஸ்டரின் குரல் மெல்லத் திரும்பி வந்தது.

"சரி. நாளைக்கே நான் கண்டிக்குப் போறேன். பெரிய டொக்டரைப் பாத்து நானே பேசறேன். அவன்கிட்ட இப்ப ஒண்ணும் சொல்லாத. இன்னைக்கு ஒரு நாளாவது சந்தோசமா இருக்கட்டும்."

ஒரு கணம் றோசலினுக்கும் அது சரி என்றே பட்டது. இன்று ஒரு நாள். அவன் தலைவாரிக்கொண்டு கதிரையில் ராஜா மாதிரி உட்கார்ந்திருக்கிறான். ஆனால் அன்றைக்கும் இப்படித்தான் இருந்தது. அவர் பேசிக்கொள்வார், அவர் பார்த்துக்கொள்வார் என்று அவள் ஒதுங்கி நின்றாள்.

"இல்லீங்க," என்றாள். "அன்னைக்கு இங்கிலீசுல சொன்னதை இன்னைக்குத் தமிழ்ல சொல்லுங்க. அவருகிட்டயே சொல்லுங்க."

"செபம் முடியட்டும்மா."

"செபத்துக்கு முன்னாடி."

அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவள் அவருக்கு எதிரே உட்கார்ந்ததுகூட இல்லை. இப்போது வழியை மறித்துக்கொண்டு நின்றாள். பத்திநாதன் எழுந்து, நனைந்த வேட்டியோடு முன்னால் நடந்தார்.

லோரன்ஸ் மாதா படத்துக்கு முன்னால் கதிரையில் இருந்தான். "வாங்கண்ணே. என்ன, விழுந்துட்டீங்களா? வேட்டியெல்லாம் ஈரம்."

பத்திநாதன் சொன்னார். பள்ளிக்கூடத்தில் ஒரு நாளும் தடுமாறாத நாக்கு அன்றைக்குத் தடுமாறியது. டொக்டர் வெளியே வந்ததை, கேட்டதை, தான் மறுத்ததை, அப்பாவை நினைத்து மறுத்ததை, எல்லாவற்றையும் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

லோரன்சின் கை மெதுவாகத் தொடை இடுக்குக்குப் போயிற்று. தடவித் தேடியது. அங்கேயே நின்றது.

"இதுதானா?" என்று றோசலினைக் கேட்டான். "நீ தண்ணி ஆறிப்போச்சுன்னப்பவே நெனச்சேன்."

"ஒன்னை அப்பா மாதிரிப் பாக்க முடியாதுடா," என்றார் பத்திநாதன். "அந்த ஒரு நெனப்புதான். வேற கெட்ட எண்ணம் ஒண்ணும் இல்ல. ஆண்டவர் மேல சத்தியமா."

"அப்பாவை யாருண்ணே தூக்கினது?"

பத்திநாதன் நனைந்த வேட்டி நுனியைப் பிடித்துக்கொண்டார்.

"பீலிக்கு, கக்கூசுக்கு, கோயிலுக்கு, யாரு தூக்கிட்டுப் போனது? நீங்க போர்டிங்ல இருந்து படிச்சீங்க. லீவுக்கு வருவீங்க. அப்பா தேச்சுக்கிட்டு வாசலுக்கு வந்தா மொகத்தைத் திருப்பிக்குவீங்க. நான்தான் கூட இருந்தேன். அந்த மனுசன் ஒரு நாளாவது சாகணும்னு சொன்னதில்லண்ணே. ஒக்காந்த எடத்துல கூடை முடைஞ்சாரு. எனக்குப் பொண்ணு பேசி வெச்சதே அவருதான், கல்யாணத்தைப் பாக்கத்தான் இல்லாமப் போயிட்டாரு. காலு போனதுக்குப் பொறகு பத்து வருசம் இருந்தாரு. எனக்கும் அந்தப் பத்து வருசம் போதும்ணே. அதைத்தான் நீங்க வேணாம்னுட்டீங்க."

பத்திநாதன் சுவரில் சாய்ந்துகொண்டார். றோசலினுக்குப் பாரம் இறங்கினாற்போல் இருந்தது. கேட்கவேண்டியவன் கேட்டுவிட்டான். கண்ணைத் துடைத்துக்கொண்டு அவன் பக்கம் போய் நின்றாள்.

லோரன்ஸ் அவளை ஏறிட்டுப் பார்த்தான்.

"நீ எங்க நின்ன?"

அவளுக்கு முதலில் விளங்கவில்லை.

"டொக்டர் வந்து கேட்டப்ப நீ எங்க நின்ன?"

"அங்கதான். அத்தான் பக்கத்துல."

"இவரு நோன்னு சொன்னது காதுல விழுந்துச்சா?"

"விழுந்துச்சு."

"எதுக்கு நோன்னு கேட்டியா?"

இங்கிலீஷ் தெரியாது என்று சொல்லலாம். பெரியவர்கள் பேசும்போது குறுக்கே எப்படிப் பேசுவது என்று சொல்லலாம். இரண்டும் உண்மைதான். ஆனால் அந்தக் கதவுக்கு முன்னால், கால் நிற்கும் என்ற வார்த்தை காதில் விழுந்ததும், அதற்கு மேல் எதையும் கேட்டுவிடக்கூடாது என்று அவள் மனம் ஓடி ஒளிந்தது அவளுக்குத் தெரியும். அவன் தன்னிடம் சொல்லியனுப்பிய வார்த்தை அப்போதும் அவள் வாய்க்குள்ளேயே இருந்தது. அவளுக்கும் அந்தக் கால் வேண்டியிருந்தது.

"கேக்கல," என்றாள்.

லோரன்ஸ் தலையை ஆட்டிக்கொண்டான். கோபப்பட்டிருந்தால் தேவலை என்றிருந்தது அவளுக்கு.

வாசலில் பேச்சுக்குரல் கேட்டது. வீரம்மாவும் நாலைந்து பெண்களும் பூவும் மெழுகுதிரியுமாக இஸ்தோப்பில் ஏறினார்கள். "ஆரம்பிச்சுரலாமா மாஸ்டர்?"

மாஸ்டர் தம்பியைப் பார்த்தார்.

"இன்னைக்குச் செபம் இல்லக்கா," என்றான் லோரன்ஸ். "எல்லாரும் போய்ட்டு வாங்க. அன்ஸார் மொதலாளி கங்காணி வீட்டுலதான் தேத்தண்ணி குடிச்சுக்கிட்டு இருப்பாரு. காலைல எனக்கு வண்டி வேணும்னு சொல்லிருங்க. கண்டிக்குப் போகணும்."

பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு இறங்கினார்கள்.

"நானும் வர்றேன்டா," என்றார் பத்திநாதன். "டொக்டர்கிட்ட பேச ஆளு வேணும்."

"வேணாம்ண்ணே. சின்ன டொக்டருக்குத் தமிழ் தெரியும். என் காலைப் பத்தி நானே கேட்டுக்கிறேன்."

அதற்கு மேல் அங்கே நிற்க பத்திநாதனால் முடியவில்லை. செருப்பைக்கூட மாட்டாமல் இறங்கிப்போனார்.

றோசலின் ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்த மூட்டையை அவிழ்த்தாள். காலையில் கட்டிய கட்டு. அழுக்குத் துணியை எடுத்துப் போட்டுவிட்டு, கொடியில் கிடந்த அவன் வேட்டியையும் சட்டையையும் மடித்து உள்ளே வைத்தாள். தன் சேலை ஒன்றை இழுத்து மடிக்கத் தொடங்கினாள்.

லோரன்ஸ் கட்டைகளை ஊன்றி எழுந்தான். இரும்புக்கால் தரையில் நன்றாகத்தான் பதிந்தது. ஜன்னலுக்குப் போய், அவளுக்கு முதுகைக் காட்டி நின்று, அவன் வெட்டிப் பழகிய மலையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்:

"என் துணிய மட்டும் கட்டு."